எந்தக் கடல்? எந்த மாதம்? எத்தனை மணி?

கோடை விடுமுறை தொடங்கியதும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கேள்வி விழும்: “இந்த வருஷம் எங்கே?” ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். வாங்கினாலும் மலைப்பாதையில் பாதி நாள் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். கடைசியில் சித்தப்பா ஒருவர் தீர்ப்புச் சொல்வார்: “பேசாம கடலுக்குப் போயிடலாம். பசங்க குஷியாயிடுவாங்க.” அத்தோடு முடிவு. அடுத்த ஒரு வாரமும் பேச்சு முழுக்கப் பையைப் பற்றித்தான். துண்டு எத்தனை, டயப்பர் எத்தனை, புளியோதரையா, எலுமிச்சை சாதமா, பாட்டிக்கு மடக்கு நாற்காலி எடுக்கலாமா?

எந்தக் கடலுக்குப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடல் என்றால் கடல்தானே!

தமிழ்நாட்டின் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பழவேற்காட்டுக் கடலும் அரியமான் கடலும் முட்டத்துக் கடலும் நிறத்திலேயே ஒன்றுபோல இருக்காது. குணத்தில் எங்கே ஒத்துப்போகும்? வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தால், பயண ஏற்பாட்டில் முக்கால்வாசி வேலை கரையைத் தேர்ந்தெடுப்பதுதான் என்பது என் கட்சி. பை கட்டுவது மீதிக் கால்வாசி. நாமோ அந்தக் கால்வாசியில் கெட்டிக்காரர்கள்.

மெரினா மணலுக்கு; தண்ணீருக்கு அல்ல

சென்னைக்காரர்களுக்கும், சென்னையில் அத்தை வீடு உள்ளவர்களுக்கும் கடல் என்றால் மெரினாதான். அந்த அகலமான மணல் ஆதியிலிருந்தே அங்கே இருந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. மணல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் தொடங்கும் இடத்தில் சரிவு செங்குத்து. அலை தூரத்தில் உடைந்து களைத்து வருவதில்லை. கரையோரத்திலேயே உடைந்து, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. பெரியவருக்கே கால் பெயர்கிற இடத்தில் மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன பிடிமானம்? காணும் பொங்கல் நாளில் போலீஸ் தடுப்புக் கட்டி யாரையும் நீரில் இறங்கவிடாமல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மெரினாவுக்குப் போங்கள். சுண்டல் வாங்குங்கள், பட்டம் விடுங்கள், குதிரையில் ஏற்றுங்கள். தண்ணீரில் இறக்காதீர்கள்.

சென்னைக்குப் பக்கத்திலேயே குளிக்கிற கடல் வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தைப் பார்க்கலாம். 2021-ல் அதற்கும் புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரைக்கும் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு 33 நிபந்தனைகளைப் பார்த்துக் கொடுக்கிற சான்று அது. தண்ணீரைச் சோதித்தாக வேண்டும், உயிர்காப்பு ஏற்பாடு இருந்தாக வேண்டும், கழிப்பறை இருந்தாக வேண்டும். அதற்காகக் கொடி பறக்கிற இடத்தில் அலை சாதுவாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஏதாவது நடந்தால் பார்க்க ஆள் இருப்பார், அவ்வளவுதான். நம் கரையில் அதுவே பெரிய விஷயம். உடை மாற்ற மறைவான இடமும் சுத்தமான கழிப்பறையும் இருக்கின்றனவா என்பதை அம்மாக்கள் முதல் கேள்வியாகவே கேட்பார்கள். கேட்டால் “பிக்னிக் மூடையே கெடுக்கிறே” என்று முகம் சுளிக்கும் அப்பாக்கள் ஒருநாள் நான்கு வயதுப் பெண் குழந்தையோடு தனியாக வந்து பார்க்கட்டும்.

மாமல்லபுரம் கண்ணுக்கான ஊர். கடற்கரைக் கோயில் பக்கத்து அலையை நம்பிக் குழந்தையை இறக்குவது தப்பு.

என்னைக் கேட்டால் சின்னக் குழந்தைகளுக்குப் பாக் விரிகுடாதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அரியமானைப் போன்ற கரைகளில் கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகிறது. அலை குளத்து அலைபோலத்தான் வந்து தொடும். ராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அதுவும் மாதத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். மே மாதத்தில் நன்றாக இருந்ததே என்று டிசம்பரில் அதே இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரிச்சல்முனை எந்த மாதமும் குளிக்கிற இடமல்ல. இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும் அந்த நுனியை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அக்னி தீர்த்தத்தில் நீர் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் பக்தர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் குழந்தையின் காலில் சுற்றும்.

எந்தக் கடற்கரையானாலும் இரண்டு இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். மேலே அசையாமல் கிடப்பதுபோலத் தெரியும். அடியில் ஓட்டம் வேறு. இன்னொன்று, அரிப்பைத் தடுக்க அரசு கல் கொட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள். கல்லை ஒட்டியபடியே நீர் கடலுக்குள் பாயும். பாறை வழுக்கும், மட்டிச் சிப்பி காலைக் கிழிக்கும். குழந்தைகளுக்கோ அந்தக் கல்லின் மேல்தான் ஏற வேண்டும்!

அமைதியான இடம்தான் ஆபத்தான இடம்

கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் ஓட்டத்தைப் பெற்றோர் கண்ணால் அடையாளம் காணப் பழக வேண்டும். அலைகள் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே சேர்ந்து, குறுகிய வாய்க்காலாக வேகமெடுத்து ஓடுகிறது. வேகம் கூடினால் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். ஒலிம்பிக் நீச்சல்காரரும் எதிர்த்துப் போக முடியாது. கரையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே மட்டும் அலை உடையாமல், நிறம் கொஞ்சம் இருண்டு, நுரையும் கலங்கல் மணலும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். விவரம் தெரியாத அப்பா, “இந்த இடத்துல அலையே இல்ல, இங்க இறக்கலாம்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதும் அந்த இடத்துக்குத்தான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. ஓட்டம் ஆளை உள்ளே இழுத்துப்போகுமே தவிர அடியில் அமுக்காது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், ஓட்டம் விட்ட பிறகு திரும்ப வேண்டும். படிக்கச் சுலபம். நீச்சல் தெரியாத ஒருவருக்கு, அதுவும் பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவருக்கு, அந்த நேரத்தில் இதெல்லாம் நினைவில் நிற்காது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நீச்சல் தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்: நீந்தத் தெரியாத பெரியவர் குழந்தையோடு கணுக்கால் ஆழத்துக்கு மேல் போவதில்லை. இதற்கு விதிவிலக்கு வைக்காதீர்கள்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். “அண்ணே, இன்னைக்கு நீவாடு எப்படி இருக்கு? பசங்கள இறக்கலாமா?” அவர் தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது, வாதாடாதீர்கள். விடுதி வரவேற்பறையில் “நோ ப்ராப்ளம் சார்” என்று சொல்பவருக்கு அறையை விற்றாக வேண்டும். மீனவருக்கு நம்மிடம் விற்க ஒன்றுமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், கோடை விடுமுறையில் கேட்பதற்குக் கரையில் ஆளுக்குப் பஞ்சமிருக்காது. மீன் விலைதான் கொஞ்சம் பயமுறுத்தும்.

காற்றில்லாத நாளில் வரும் அலை

கள்ளக்கடல் என்ற பெயரை இப்போது செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கிறோம். கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் அதையே ஏற்றுக்கொண்டது. இந்துமாக்கடலின் தென்கோடியில் எங்கோ புயல் கிளப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறுகின்றன. இங்கே காற்றிருக்காது, மழையிருக்காது, வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். கடல் மட்டும் திடீரென்று கரையேறும். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் இதன் தொல்லை அதிகம். அதாவது நம் பள்ளி விடுமுறையில்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. வளர்ந்தவர்கள், படித்தவர்கள், திடகாத்திரமானவர்கள்.

இந்த எச்சரிக்கையைக் கொடுப்பது ஐதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம். அவர்களுடைய இணையதளத்தில் மாவட்ட வாரியாக அலை உயரம் போட்டிருப்பார்கள். தமிழ் நாளிதழ்களும் வெளியிடுகின்றன. கிளம்பும் முதல் நாள் இரவு மழை வருமா என்று பார்க்கிற அதே கைபேசியில் இதையும் பார்த்துவிடலாம். குமரி, நெல்லை, தூத்துக்குடி பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால் காலை நனைக்கக்கூட வேண்டாம்.

காலை எட்டு மணிக்கு வீடு திரும்பு

கிழக்குக் கரையின் பெரிய வசதி சூரியன் கடலிலிருந்து எழுவது. மே மாதம் சென்னையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஐந்தரைக்கு மணலில் இருந்தால் எட்டு மணி வரை முழுதாக இரண்டரை மணி நேரம். பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுவே உள்ள நேரம் அறைக்கும் தூக்கத்துக்கும் உரியது. “இவ்வளவு காசு கொடுத்து வந்துட்டு ரூம்லயா?” என்று கேட்கிற பெரியப்பாவிடம் அக்னி நட்சத்திரத்தை நினைவுபடுத்துங்கள்.

காலை நேரத்தில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. கோடையில் விடிகாலைக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடல் அதனால்தான் வழவழவென்று அடங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் குழந்தையை உட்காரவைத்தால், காற்று அதைச் சத்தமில்லாமல் உள்ளே நகர்த்திக்கொண்டு போய்விடும். வாத்து, யானை, டோனட் என்று கடைகளில் தொங்குவதெல்லாம் நீச்சல்குளத்துப் பொம்மைகள். கடலில் அவை பாய்மரம். வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பந்து கடலுக்குள் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பந்தைத் துரத்திப் போனவர்களைப் பற்றி ஒவ்வொரு கடலோர ஊரிலும் ஒரு கதை இருக்கிறது.

மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும். வெக்கை குறையும், அலை கூடும். மாலைக் கடல் விளையாட்டு மணலோடு நிற்பது நல்லது.

பார்க்கிறவர் யார்?

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். சினிமாவில் காட்டுவதுபோல அவர்கள் கையை ஆட்டிக் கத்துவதில்லை. வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? பக்கத்தில் பத்துப் பேர் நிற்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

கூட்டுக் குடும்பமாகப் போகும்போது இதுதான் நம்முடைய பெரிய ஓட்டை. கரையில் அப்பா, அம்மா, அத்தை, மாமா, தாத்தா, பாட்டி, இரண்டு சித்தி என்று எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அத்தை பார்க்கிறார் என்று நினைப்பார். அத்தை மாமா பார்க்கிறார் என்று நினைப்பார். மாமா ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். எல்லாரும் இருக்கிறார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. அதனால் முறை போட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர். அந்தக் கால் மணியில் அவர் கையில் போன் இல்லை, சுண்டல் பொட்டலம் இல்லை, பேச்சில்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணெட்டும் தூரத்தில் அல்ல. முறை மாறும்போது “இனிமே நீ பாரு” என்று வாயைத் திறந்து சொல்லி ஒப்படைக்க வேண்டும். பத்து வயது அண்ணனிடமோ அக்காவிடமோ தம்பியை ஒப்படைப்பது நம் வீட்டு வழக்கம். கடற்கரையில் அது செல்லாது.

முறைக்காரர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பதையும் பாருங்கள். ஈரம் ஏறிய ஜீன்ஸும் ஆறு கஜச் சேலையும் துப்பட்டாவும் அலையில் காலைக் கட்டிப்போடும். குழந்தைக்குப் பளீரென்ற ஆரஞ்சு, பச்சை, ரோஸ் நிறத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். வெளிர்நீலமும் சாம்பலும் வெள்ளையும் கடல் நீருக்குள் மறைந்துவிடும். அழகான நீல நிற நீச்சல் உடையை ஆசையாக வாங்கியவர்கள் மன்னிக்கவும்.

காலியான ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றை மூடி இறுக்கி, கைப்பிடியில் நீளமான நைலான் கயிறு கட்டி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் பாய்ந்து இறங்குவதற்குப் பதில் அதை வீசலாம். பிடித்துக்கொண்டு மிதக்க அது போதும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போகும் செய்தியை நாம் நிறையவே படித்துவிட்டோம். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108. மூன்றையும் போனில் ஏற்றி வைப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

குழந்தை தொலைவது வேறு பயம். காணும் பொங்கலன்று சென்னை போலீஸ் குழந்தைகளின் கையில் பெற்றோர் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். மற்ற நாளில் நாமே செய்யலாம். முன்கையில் பேனாவால் எண்ணை எழுதி, மேலே ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் ஒரு பொழுதுக்குத் தாங்கும். மணலில் உட்கார்ந்ததும் ஒரு படம் எடுத்துவிடுங்கள், “என்ன கலர் சட்டை?” என்று யாராவது கேட்டால் பதற்றத்தில் எந்த அம்மாவுக்கும் ஞாபகம் வராது.

இனி, பை

ரயிலில் போவதென்றால் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போயிற்று. ஐந்து வயது வரை தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை இல்லாமல் பாதிக் கட்டணம், படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ராமேசுவரம் போகிறவர்கள் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைக்க மறக்க வேண்டாம். குளிக்காமலே திரும்பினாலும் அந்தப் பயணத்துக்கே டிக்கெட் காசு தகும்.

நிழல்தான் பையில் முதல் பொருள். பெரிய குடை, இல்லாவிட்டால் நான்கு கம்பும் பழைய வேட்டியும். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. அலை நுரை 25 சதவீதம். அதனால் குடைக்கடியிலும் தோல் காந்தும். “நம்ம கறுப்புத் தோலுக்கு என்ன ஆகப் போகுது” என்பது பாதி உண்மை. நமக்கும் தோல் கருகும், கொஞ்சம் தாமதமாக. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனைத் தடவி, இரண்டு மணிக்கொரு முறையும் நனைந்த பிறகும் திரும்பத் தடவ வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும் போதும். தாய்ப்பால் குடிக்கும் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும்.

சாதாரண டயப்பர் கடல்நீரை உறிஞ்சி ஊதிவிடும். மணலில் இருக்கும் வரை லேசான ஜட்டியோ பேண்டோ போட்டுவிட்டு, பயணத்துக்கு மட்டும் டயப்பர். கழற்றியதை மணலில் புதைக்காமல் வீட்டுக்கே எடுத்து வாருங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பாதி தூள், பாதி தண்ணீர் என்ற கண்ணளவு கூடாது. அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவை பானங்கள் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டுக்கொள்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. மருந்துக் கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

சொறி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீராலும் கழுவக் கூடாது; கடல்நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பெரியவர் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைத்திருக்கலாம். மூச்சு திணறினால் உடனே மருத்துவமனை. கரையில் நீலமாகப் பளபளவென்று ஒதுங்கிக் கிடப்பதைக் குழந்தை நிச்சயம் எடுக்கப் போகும். அதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: மே வெயிலில் தயிர்சாதம் வண்டியிலேயே புளித்துவிடும். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாங்கும். நுங்கும் இளநீரும் அந்த மாதத்தில் சாலையோரமே கிடைக்கும். குழந்தை கேட்கிற மாங்காய்க் கீற்றுக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். கலர் ஐஸுக்குச் சொல்வேன்.

குழந்தைக்கு இஷ்டமில்லை என்றால்?

முதன்முறை கடலைப் பார்க்கும் இரண்டு வயதுக் குழந்தை பலநேரம் அழும். இரைச்சல் புதிது, காலடி மண் நகர்வது புதிது, எதிரே கரையே இல்லாத ஏதோ ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு போய் “ஒண்ணும் பண்ணாதுடா செல்லம்” என்று அலையில் முக்குவது வீரமல்ல. ஒரு சாயந்தரம் முழுக்கக் காய்ந்த மணலிலேயே இருக்கட்டும். ஈர மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிக் கொடுத்தால் நீர் தானாக ஊறும். குழந்தைக்கு அதுவே கடல். அதைவிட ஆழமாகத் தோண்டவிடாதீர்கள். மணல்குழி சரிந்தால் உள்ளே இருப்பவரை வெளியே எடுப்பது கடினம். பக்கவாட்டில் குடைந்து சுரங்கம் போடும் அண்ணன்மார்களை முளையிலேயே கிள்ள வேண்டும்.

விடுதியில் நீச்சல்குளம் இருந்தால் அதற்கும் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். கடலிலிருந்து திரும்பிய களைப்பில் பெரியவர்கள் கண் அசரும் மதிய வேளையில்தான் குழந்தை அந்தப் பக்கம் நடக்கும். குளியலறையில் நிரம்பிய வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.

நீரில் மூழ்கி எழுந்த குழந்தை, பார்க்க நன்றாக இருந்தாலும், அடுத்த சில மணி நேரத்தில் இருமல் நிற்காமல், மூச்சு வாங்கி, துவண்டு தூங்கினால் காத்திருக்க வேண்டாம்; ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கடல் இல்லாத கடல் நாள்

இத்தனையும் பார்த்துப் போய் இறங்கிய பிறகு, காலையில் எச்சரிக்கை வந்துவிடலாம். மீனவர் தலையை ஆட்டிவிடலாம். அந்த நாளுக்கும் கையில் ஒரு திட்டம் இருந்தால்தான் “வந்ததுக்கு ஒரு தடவையாவது” என்ற குரலை அடக்க முடியும். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளிப்பார்க்காத குழந்தை உண்டா? முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் பழைய வீடுகளின் திண்ணையில் ஓடி விளையாடலாம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலுக்கு முகம் காட்டி நிற்கிறது. தண்ணீரைத் தொடாமலே கடற்காற்று வாங்கலாம். குமரியில் வட்டக்கோட்டை.

இரவுக்கு நண்டு. மணலில் வளை தோண்டும் வெள்ளை நண்டுகள் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். வெளிச்சம் பட்டால் ஒரு கணம் உறைந்து, பக்கவாட்டில் பாய்ந்து ஓடும். அலையிலிருந்து பத்தடி தள்ளி, காய்ந்த மணலில் துரத்தலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கரைகளில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். வெளிச்சம் குஞ்சுகளுக்கு வழியைக் குழப்பிவிடும். மற்ற நாளில் தாராளமாகப் போங்கள். டார்ச் மட்டும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்றே ஒன்று இருந்தால், நண்டைவிடப் பெரிய சண்டை வரும்.